மூன்று பிரதி

இந்த ஒழுங்கையில் எல்லோருடைய கையெழுத்தும்
எனக்குத் தெரியும்.
போட்டோக் கொப்பிக் கடை என்னுடையது.

இருபத்தேழாம் இலக்கத் தெய்வேந்திரம்
நகரசபைக்கு எழுதும் முறைப்பாடுகள்
ஒவ்வொன்றும் மூன்று பிரதி.
கேற்றை மறைத்து நிற்கும் ஓட்டோக்கள் பற்றி,
பேக்கரி வாசலில் முட்டைக் கோது பற்றி,
என் ஜெனரேட்டர் இரைச்சல் பற்றி.
அந்தக் கடைசி முறைப்பாட்டை
அதே ஜெனரேட்டரில்தான் அடித்துக் கொடுத்தேன்,
கரண்ட் இல்லாத நாள்.
மிச்சக் காசை எண்ணிப் பார்த்து வாங்கினார்.

வீதியை ஒரு பின்னேரம் மூடுவோம்,
கடையும் வீடும் ஒன்றாய் நிற்போம் என்று
ஹார்ட்வெயார் நிஜாமுதீன் சொன்னதில் தொடங்கியது.
கூட்டம் மூன்று தரம் கூடித்
தேத்தண்ணியோடு கலைந்தது.
போயா இல்லாத, பெருநாள் இல்லாத,
எந்தக் கோயிலிலும் கொடியேறாத சனிக்கிழமை
நாலாம் கூட்டத்தில் அகப்பட்டது.
துண்டுப் பிரசுரம் மூன்று மொழியில்.
சிங்களத்தில் ஒரு சுழி பிழை.
இருநூறையும் மடியில் வைத்துப்
பேனையால் திருத்தினாள் பேக்கரி சுனேத்ரா.

நாலு மணி.
கச்சான் காற்றில் கச்சான் கோது பறந்தது.
யானைக்குக் கண் வைக்கப் போன மருந்துக்கடைப் பொடியன்
ஒலிபெருக்கிக்குக் கண் வைத்தான்.
தேசிக்காய் கரண்டி ஓட்டத்தில்
தபால்காரரின் மனைவி
பெருவிரலால் காயை அமத்தினாள்,
எல்லோரும் கண்டோம்.

பிறகு கயிறிழுத்தல், கடைக்காரர் எதிர் வீட்டுக்காரர்.
கயிறு நிஜாமுதீனுடையது,
அறுந்தால் மீற்றர்க் கணக்கில் காசு.
கடைப் பக்கம் ஓராள் குறைவு.
ஒலிபெருக்கியைத் தன் மதிலில் கட்டியதைக் கேட்க
வந்தார் தெய்வேந்திரம்.
கேட்க வாய் திறந்தவர் கயிற்றைப் பார்த்தார்.
"ஆர் போட்ட முடிச்சு இது?"
துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கப்பல் கட்டிய மனுசன்.
குந்தியிருந்து அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்,
கட்டிய நுனியை விடவில்லை.
அது கடைப் பக்கத்து நுனி.

தோற்றோம்.
அவருடைய ஒரு செருப்பு
கானுக்குள் போனது.

இருளும் நேரம் சீட்டிழுப்பு.
பரிசு, நிரம்பிய காஸ் சிலிண்டர் ஒன்று.
முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு,
இலக்கம் போட்டது நான்.
மேடைக்கு ஏறிப் பெட்டியைத் தேடினால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
பெட்டிக்குள் தலையை விட்டபடி
பாதியை முடித்திருந்தது.
காதில் ஒரு மஞ்சள் சீட்டு,
நூற்று எண்பதோ நூற்று எண்பத்தாறோ.

இரண்டு இலக்கக்காரரும் எழும்பினார்கள்.
சத்தம் கூடியது. பழைய கணக்குகளும்
மெல்ல எழும்பப் பார்த்தன.

மனோரஞ்சிதம் என்றொரு மனுசி.
மகனுடைய படத்தை ஆண்டுக்கொருமுறை
பிரதியெடுக்கக் கொண்டுவருவா.
மூலப்படம் எங்கோ ஒரு கந்தோர்க் கோவையில்,
பிரதியைப் பிரதியெடுக்க
முகம் கறுத்துக்கொண்டே போகிறது.
காசு வேண்டாம் என்பேன்,
மேசையில் வைத்துவிட்டுப் போவா.
பின்வரிசையிலிருந்து அவதான் சொன்னா:
"திண்டவருக்குத்தானே பரிசு?
மானின்ர கழுத்தில கட்டி விடுங்கோ."

சிரிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்கியதென்று
சொல்லத் தெரியவில்லை.
சிலிண்டரை அங்கேயே பூட்டி
அண்டாவில் இஞ்சிப் பிளேன்ரீ வைத்தார்கள்.
சீனியை ஆர் தந்தது என்பதில்
இன்னும் பிணக்கு.
மிச்சக் காஸ் என் கடையில்,
பேப்பர்க் கட்டுக்கு அருகில் நிற்கிறது.
ஆருடையது என்று முடிவாகவில்லை.

திங்கள் காலை தெய்வேந்திரம் வந்தார்,
புதுச் செருப்பு.
"மூண்டு பிரதி."
வாசித்தேன், வாசிப்பது என் தொழிற்பிழை.
விடயம்: கயிறிழுத்தலில் நடுவர்
வீட்டுக்காரருக்குச் சார்பாக நடந்தமை.
இரண்டாம் பந்தியில் இரு இடத்தில்
'எங்கள் கடைகள்' என்று இருந்தது.

பாதிப் பிரதியில் கரண்ட் நின்றது.
நான் எழும்ப முதல்
அவரே பின்பக்கம் போய்
ஜெனரேட்டர்க் கயிற்றை இழுத்தார்.
இரண்டு தரம் இழுத்தும் பிடிக்கவில்லை.