பால்வெட்டு இல்லாத நாள்

மூணு மணிக்கே முழிப்பு தட்டிவிட்டது, கை பழக்கம்.
ஓட்டின்மேல் மழை.
குலசேகரத்து மழை,
நிற்கும் உத்தேசம் எதுவும் இல்லாதது.
மழைப்பாவாடை கட்டாத மரங்களுக்கு இன்று லீவு.
எனக்கும்.

அடுக்களை மூலையில் ஓவன்.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
கொசுவை அடிக்கத்தான் கை தூக்கினேன்,
உபதேசியார் மூணு தரம் சொல்லிவிட்டார்.
ஆயிரத்து எண்ணூறு.
"சபைக்குத்தானே" என்றாள் ஷைலட்.
ஏழு மாதமாக அதன்மேல்
துணி மடித்து வைக்கிறாள்.

போன வெள்ளி அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள்.
சீட்டில் ஒரு எண், அதன் அடியில் சிவப்புக் கோடு.
அண்டி ஆபீசில் தோடு உடைத்து உடைத்துக்
கறுத்த விரல்களால்
சீட்டை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.
எந்த அதிகாரத்தில் என்று நான் பார்க்கவில்லை.
"இனி பழபஜ்ஜி வேண்டாம், வெறும் சாயா போதும்"
என்றாள், சுவரைப் பார்த்து.

அதனால்தான் இது.

கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற ஆன்ஸி
போனில் சொல்லச் சொல்ல
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
ஓட்ஸ் ஒன்றரைக் கப். மைதா கூடாது, கோதுமை.
வெண்ணெய் இரண்டு கரண்டி போதும்,
மீதிக்கு மட்டிப்பழம்.
சாக்லேட் சிப்ஸ் ஒரு கைப்பிடி.

கடையில் கேட்டேன்.
"சிப்ஸா? நேந்திரமா மரச்சீனியா?"
"சாக்லேட்டு சிப்ஸ்."
"சாக்லேட்டுல ஏதுவே சிப்ஸ்?"
கறுப்புச் சாக்லேட் ஒரு கட்டி எடுத்து வைத்தார்.
கசக்கும் என்று எச்சரித்தார்.
கசக்கட்டும்.

பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடினால்
மரத்துக்குக் காயம்.
இருபத்தாறு வருஷம் அந்தக் கணக்கில் ஓடிய கை.
சாக்லேட்டையும் அது
இடமிருந்து வலம் சரிவாகவே சீவியது,
கத்திதான் வேறு.

கருப்பட்டியில் ஒரு சில்லு எடுத்தேன்.
பாதி போடுங்க என்றாள் ஆன்ஸி.
கருப்பட்டிதானே மக்களே, என்றேன்.
அதுவும் சர்க்கரைதான் அப்பா,
பனையிலிருந்து இறங்கி வந்ததால்
புண்ணியம் ஒண்ணும் கிடையாது.

கறுத்த மட்டிப்பழம் இரண்டைப் பிசைந்து
எல்லாம் சேர்த்தேன்.
ஆசிட் விட்ட ரப்பர்பால்போல் உறையும் என்று
காத்து நின்றேன்.
கையிலேயே ஒட்டிக் கிடந்தது.
ஓட்ஸ் ஈரம் குடிக்க நேரம் எடுக்கும், அதுவரை
அவள் சொல்லி முடிக்கவில்லை,
வார்டில் யாரோ கூப்பிட்டார்கள்.

பதினாலு உருண்டை. அமுக்கினேன்.
எதுவும் வட்டமில்லை.

பதினோராம் நிமிஷம் கரண்ட் போனது.
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன்,
சிரட்டையில் பால் வடிகிறதா என்று
இருட்டில் பார்க்கிற அதே குனிவில்.
ஓரம் மட்டும் சிவந்திருந்தது.
கதவைத் திறக்கவில்லை.
உள்ளே மிச்சமிருக்கிற சூடு
என்ன முடிவெடுக்குமோ எடுக்கட்டும்.

வீடு முழுக்க ஒரு வாசனை.
ஷீட்டுப் புகை ஏறிய என் சட்டைக்குக்கூட
அன்று கொஞ்சம் வெட்கம் வந்திருக்கும்.

அஞ்சு மணிக்கு நனைந்து வந்தாள்.
குடையைக்கூட மடக்காமல் ஒன்றைக் கடித்தாள்.
மென்றாள்.
வெளியே மழையைப் பார்த்து இன்னும் மென்றாள்.
"இனிப்பு காணாது."
பிறகு, "ஆனா தின்னலாம்."
இரண்டாவதை எடுத்துக்கொண்டே,
"நல்லதுன்னு சொன்னியல்லோ,
அப்ப கூட ஒண்ணு தின்னா என்ன?"

டப்பாவை மூடி
அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.
நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று.
அவள் சிரித்தாள். ரேஷன் கடையா வே நடத்துதீரு?

ராத்திரி திறந்து எண்ணினேன்.
ஏழு இருந்தது.
அவள் தின்றது இரண்டு.
கருகியதைத்தான் நான் தின்றேன் என்று
சொல்லி வைத்திருந்தேன்.
கருகியது மூன்றுதான்.

எனக்கு இன்னும்
யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.