சதுர அடிக்குப் பதினேழு

ஈரி நகரில் செப்டம்பர்.
இரவுப் பணி முடிந்து ஏழரைக்குக் காரை நிறுத்தினால்
முன்புறப் புல்தரையில் பாதியை
யாரோ கம்பளம்போல் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.
அடையாள அட்டை கழுத்தில் ஆட
அப்படியே மண்டியிட்டேன்.

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
பிடிமானமே இல்லை.
புதுச்சட்டையிலிருந்து விலைச்சீட்டு கழல்வதுபோல்
கையோடு வந்தது புல்.
மேலே கொஞ்சம் பச்சைகூட மிச்சமிருந்தது.
கீழே வேர் என்று ஒரு நூல் இல்லை.

அங்கே கிடந்தன அவை,
வெளிச்சம் பட்டதும் இன்னும் கொஞ்சம் சுருண்டு,
பழுப்புத் தலை, ஆறு கால்,
தின்ற மண் வால்பக்கம் கறுப்பாகத் தெரிய.
ஜூலையில் ரோஜாச் செடியில்
பச்சையும் செம்புமாய் மின்னிய வண்டுகளை
அழகென்று படமெடுத்தவள் நான்தான்.

பக்கத்துவீட்டு பர்டெட் காப்பிக் கோப்பையோடு வந்தார்.
“ஸ்கங்க். என்னிடம் பொறி இருக்கிறது.”
“அது சாப்பிடத்தானே வந்தது” என்றேன்.
“சமைத்து வைத்தது யார்?” என்றார்.

எண்ணுவது என் தொழில்.
மாத்திரை, துளி, மூச்சு, நாடி.
அடிக்கோல் வைத்து ஓர் அடிக்கு ஓர் அடி
ரொட்டிக் கத்தியால் மண்ணை அறுத்துத்
தயிர் டப்பாவில் பொறுக்கிப் போட்டேன்.
பதினேழு.
ஐந்தாறு வரை புல் தாங்கிக்கொள்ளுமாம்.
வேலியோரம் நான்கு.
மேப்பிள் நிழலில் ஒன்றுமில்லை.
டேல் கிளம்பும்வரை
கோடை முழுக்கத் தண்ணீர் விட்டுச் சீராட்டிய நடுப்பகுதியில்
இருபத்திரண்டு.

முட்டையிட ஈரமண்தான் பிடிக்கும் வண்டுக்கு.
இதை டேலிடம் நான் சொல்லவில்லை.
விவாகரத்துப் பத்திரத்தில்
வீடும் மனையும் கொரினுக்கு என்றிருக்கிறது.
மண்ணுக்குள் இருப்பது யாருக்கு என்று எழுதவில்லை.

மேலே பச்சை, கீழே ஒன்றுமில்லை, உன் கதைதான் என்று
தங்கை மாவிஸ் தொலைபேசியில் ஆரம்பித்தாள்.
“இது புல், மாவிஸ்.”
வைத்துவிட்டேன்.

நூற்புழு தபாலில் வந்தது.
ஐந்து கோடி உயிர்,
சோப்புக்கட்டி அளவுப் பொட்டலம்.
வெண்ணெய்க்கும் கடுகு சாஸுக்கும் நடுவே
இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன.
என்னைப்போலவே வெயில் ஆகாது அவற்றுக்கு,
இருட்டத் தொடங்கினால்தான் வேலை.
பூவாளியில் கரைத்தேன். கலங்கல்கூடத் தெரியவில்லை.
ஊற்றியது வெறும் தண்ணீரா, ஐந்து கோடியா?
புழுவுக்குள் நுழைந்து ஒரு கிருமியை இறக்குமாம்,
இரண்டொரு நாளில் அது செங்கல் நிறமாகிச் சாகுமாம்.
வார்டில் இரவெல்லாம் நான் துடைத்து விரட்டுவதை
இங்கே என் கையாலேயே ஊற்றினேன்.

பர்டெட் தன் ஹோஸை வேலிக்கு மேலே நீட்டினார்.
“மண் நனைந்தே இருக்கணுமாமே.”
அவர் புல்லும் நடுவில் மெத்தென்று அமுங்குவதைப்
போன வாரமே பார்த்திருந்தேன்.
பூவாளியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
கேட்காமலே அந்தப் பக்கம் சாய்த்தேன்.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் எனக்கு விடுப்பு.
தூக்கம்தான் விடுப்பு எடுப்பதில்லையே,
இரண்டு மணிக்கு ஜன்னலில் நின்றேன்.
ஸ்கங்க் வந்தது.
முதுகில் இரண்டு வெள்ளைக்கோடு,
அவசரமே இல்லாத நடை.
மூக்கால் முகர்ந்து, நகத்தால் ஒரு சிறு குழி,
பிறகு மெல்லும் சத்தம்,
கண்ணாடிக்கு இப்பால்கூடக் கேட்டது.
தலை தூக்கி என்னைப் பார்த்தது.
வாலைத் தூக்கவில்லை.

பதினாறு, என்றேன்.
இன்னொரு குழி.
பதினைந்து.