நாலு பாகம் தண்ணீர்

வேதாளையில் நாகூர்கனி வீட்டுக் கக்கூஸ் குழி
பதினோராம் அடியில் நின்றுபோனது.
மேலே மணல். அப்புறம் பவளக்கல்,
கடப்பாரை பட்டால் பல் கூசும்.
அதற்கும் கீழே சாம்பல் சேறு,
சேற்றுக்குள் சிப்பி, சிப்பிக்குள் சேறு.
ஒரு வாளி அள்ளி எனக்குக் கொடுத்தனுப்பினார்கள்,
மீன் கணக்கு எழுதுகிறவள் என்பதால்.

அலசினேன்.
மாவு சலிக்கும் சல்லடையில் தங்கியது
உளுந்தளவில் இரண்டு வெள்ளைக் கல்.
மீனின் காதுக்குள் இருக்கும் கல்.
கெளுத்தியா கத்தாளையா, தெரியவில்லை.
செதில் போச்சு, முள் போச்சு,
எதையோ கேட்டுக்கொண்டிருந்த காது மட்டும் மிச்சம்.

இங்கே கடல் கிடையாது ஒரு காலத்தில்.
கால் நனையாமல் மான்
தலைமன்னார் வரை மேய்ந்திருக்கும்.
எங்கோ பனி உருகிற்று.
ஓடை வழியே உப்பு ஏறியது,
தலைமுறைக்கு ஒரு சாண்.

முதலில் நுழைந்தது
கலங்கலுக்கு அஞ்சாத மடவைக் குஞ்சாக இருக்க வேண்டும்.
நின்றபடி செத்த மரங்களின் தூரில்
பாசி தின்றிருக்கும்.
பிறகு கடல்புல் பிடித்தது.
புல் பிடித்த இடத்துக்கு ஓரா வந்தது.
ஓராவைத் தின்ன ஊளி வந்தது.
காரல் வந்தது கூட்டமாக;
காரல் என்றைக்குத் தனியாக வந்தது?
வடக்கே இருந்து ஒரு கூட்டம், மன்னார்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம்,
அவை எதிர்ப்பட்ட நாளை எந்தப் பதிவேட்டிலும் காணோம்.
சில, பள்ளத்தில் மாட்டி, நீர் வற்றி,
அள்ள ஆளில்லாமல் கருவாடாயின.

ஆளில்லாமல் என்று ஏன் எழுதினேன்?
இருந்திருப்பார்கள்.
நீர் ஏற ஏற
அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு
மேட்டுக்கு மேடு மாறியவர்கள்.
அப்படியானால் இந்த இடத்தில் ஆள்தான் பழசு,
மீன்தான் வந்தேறி.
சந்தியாகுவிடம் சொன்னேன்.
"வந்ததுதானே, வந்துட்டுப் போகட்டும்" என்று
வலையை உதறினான்.

இன்று விடிகாலை பாம்பன் தளத்தில்
காரல் முந்நூற்று நாற்பது கிலோ, ஓரா பன்னிரண்டு.
அடியில், ஐஸுக்குள்,
நீல வரி ஓடிய, தட்டையான ஒன்று.
ஏலக்காரன் புரட்டிப் பார்த்தான்.
சந்தியாகுவின் மாமன் முகர்ந்து பார்த்தார்.
யாருக்கும் தெரியவில்லை.
அதன் செவிள் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பிடிபட்ட இடம்: நாலு பாகம்.
எண்ணிக்கை: ஒன்று.
பெயர் என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றி வைத்திருக்கிறேன்,
மை பரவுகிறது.