ஒன்பதாவது கேள்வி

மாவட்ட அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
ஒன்பதாவது கேள்வி:
தங்கள் ஊராட்சி மலைப்பகுதியைச் சேர்ந்ததா?
ஆம் / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

சன்னலைத் திறந்தால் எதிரே படுத்திருக்கிறது
கரடு என்றும் மலை என்றும் பேர் முடிவாகாத
ஒரு பாறை முதுகு.
தாசில்தாருக்கு அது குன்று.
கனிமவளத் துறைக்கு இத்தனை கன மீட்டர் கல்.
வெள்ளாட்டுக்குப் பின்னால் இருபது வருசம் ஏறிய
வெள்ளைக்கண்ணு மட்டும்
முழங்காலைத் தடவிக்கொண்டு மலை என்பார்.

அறுநூறு மீட்டர் இருந்தால்தான் மானியமாம்.
அளக்க வந்த பையன் உச்சியில் நின்று
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து
இருநூற்றுப் பதினேழு என்றான்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
கை தூக்குனதையும் சேர்த்து சார் என்றான்.

கீழே ஆலங்குன்றம் தட்டைதான், மறைக்கவில்லை.
செம்பூராங்கல் தரை.
இரண்டு முழம் தோண்டினால் மண்வெட்டி வாய் மழுங்கும்.
காரைக்குடிப் பேருந்து நாளுக்கு நான்கு தடவை.
பூட்டிய பெரிய வீடுகள் நாற்பத்தொன்று,
அதில் வீட்டுவரி ஒழுங்காக வருவது ஆறு
(ஒன்று கோலாலம்பூரிலிருந்து, ஒவ்வொரு சித்திரையும்,
ரசீது கேட்டு இரண்டு கடிதத்தோடு).

மலையின் கணக்கு வேறு.
உச்சியில் ஒரு சுனை, அதற்கு இரண்டு வாய்.
கிழக்கு வாயில் வழிந்தது கீழ ஊரணி நிரப்பி,
மறுகால் போய், ராவுத்தர் தோப்பை நனைத்துப்
பெரிய கண்மாய் சேரும்.
மேற்கில் வழிந்தது வலையன்வயலுக்கு.
ஒரே மேகம்,
பாசன சங்கம் இரண்டு.

போன ஐப்பசியில் யாரோ ராத்திரியில் ஏறி
கிழக்கு வாயில் நாலு மூட்டை சிமெண்டைக் கரைத்து
அடைத்துவிட்டார்கள்.
விடிந்து பார்த்தால் ஊரணிப் படியில்
ஈரம் இல்லை.

கிராம சபை.
வழக்கமாக வருகைப் பதிவேட்டுக்கு
வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவேன்.
அன்றைக்கு நாற்காலி போதவில்லை.
கரண்டு வேறு இல்லை.
முடியரசு சாமியைக் கூப்பிட்டுச் சத்தியம் செய்தார்.
அந்தோணிராசு போலீசைக் கூப்பிடச் சொன்னார்.
இரண்டு பேருமே வரமாட்டார்கள் என்று
எனக்குத் தெரியும்.

அப்போது தோப்புக்காரர் மகள் ஜைனம்பு எழுந்தாள்.
நாலாவது வார்டு, அதிகம் பேசாதவள்.
சிமெண்டு வச்சது யாருன்னு நான் கேக்கல,
அம்புட்டு உசரம் மூட்டை தூக்குனவனுக்குக்
கூலி யாரு குடுத்தா?

பின்வரிசையிலிருந்து,
வாய் தவறித்தான்,
இன்னும் குடுக்கல என்றான் கருவண்டு.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது.
மேற்கு ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு
தோள் குலுங்கினார்கள்.

உடைக்கவும் கருவண்டுதான் போனான்.
இரண்டு ஊர் ஆட்கள் முப்பத்தொரு பேர் பின்னால்,
கடப்பாரை, சம்மட்டி, ஒரு குடம் மோர்.
உடைத்த கூலி பஞ்சாயத்து கொடுத்தது.
ஏற்றிய கூலியையும் அதோடு சேர்த்து எழுதினேன்,
தணிக்கையில் கேட்டால்
சிமெண்டு தொடர்பான பணி என்பேன்.
மறுநாள் காலை தேநீர்க் கடை பெஞ்சில்
கிழக்கும் மேற்கும் ஒரே மாதிரி
காலை நீட்டி உட்கார்ந்திருந்தன.

அந்த முழங்கால்களை எந்தக் கட்டத்தில் எழுத?
ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே இருந்த இடத்தில்
மழை பெய்தால் ஆம் என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்துவிட்டது.
தெளிவாக நிரப்பவும், சிவப்பு மையில்.

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது.
படிவத்தின் மேல் செங்கல் துண்டை வைத்துவிட்டுப்
பார்க்கிறேன்:
சங்கத்துக்கு ஒரு ஆளாக
இரண்டு பேர் மலையேறுகிறார்கள்,
ஒரே சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு,
ஒருவரை ஒருவர்
காவல் பார்க்க.