வினையெச்சம்

ஜனவரி. வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
கீழே வண்டிகள் மூக்கில் வயர் செருகி
மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கின்றன,
இல்லாவிட்டால் காலையில் உயிர் வராது.
மூன்றாம் மாடியில் நான் மட்டும்.
ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நாங்கள் செய்வது சொல்லி முடிக்கும் எந்திரம்.
பைத்தானில் நீங்கள் இரண்டெழுத்து அடித்தால்
அடுத்து வரக்கூடியதை வரிசையாக நீட்டும்.
பள்ளியில் படித்த வினையெச்சம் நினைவிருக்கிறதா?
வந்து, என்று ஆசிரியை நிறுத்தினால்
வகுப்பே மிச்சத்தைக் கத்தும்:
போனான், நின்றான், சாப்பிட்டான்.
அந்த வகுப்பைத்தான் விற்கிறோம்,
ஆண்டுச் சந்தாவுக்கு.

அதன் வயிற்றில் ஒரு ஃபங்ஷன்.
டேரில் ஹ்னாட்யுக் வைத்த பெயர்: மதிப்பிடு.
(தமிழில் சொல்கிறேன். கோடில் அது ஆங்கிலம்தான்.)
மதிப்பிடு, மதிப்பிடு_இரண்டு,
நிஜமாகவே_மதிப்பிடு.
மூன்றாவதை எழுதிய இரவு எப்படி இருந்தது என்று
கேட்க இப்போது அவன் இல்லை.
அக்டோபரில் போய்விட்டான். மேலே அல்ல,
சஸ்கட்டூனுக்கு.

சிக்கல் என்னவென்றால் அது எதையும் மதிப்பிடுவதில்லை.
நிரலை ஓட்டிப் பார்ப்பதே இல்லை.
கதவுக்கு வெளியே நின்று
கழற்றிப் போட்ட ஷூவின் அளவைப் பார்த்து
உள்ளே யாரென்று சொல்கிறது:
எண்ணாக இருக்கலாம். எழுத்துச் சரமாக இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
தமிழில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகிவிடும்.
பைத்தானில் புள்ளி வைத்த இடத்தில்தான்
சந்தேகமே தொடங்குகிறது.
எனவே புதுப்பெயர்: ஊகி.

காரணப்பெயரில் காரணம் பொய்யென்றால்
அதைவிட இடுகுறி மேல்.

நான் சேர்ந்த வாரமே சம்பளப் பிரிவு
குழல்வாய்மொழியை குஸ் ஆக்கியது.
எந்த டெஸ்டும் சிவக்கவில்லை.
டேரில் மட்டும் ஒருமுறை முழுப்பெயரை முயன்றான்.
பாதி ஏணி ஏறியவனைப் போல
ழகரத்தில் நின்று, கீழே பார்த்து, இறங்கிவிட்டான்.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்க வேண்டாம்.

முன்னூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
மாற்று என்றேன். மாறின.
டெஸ்டுகள் பச்சை, பச்சை, நெடுகப் பச்சை,
அக்டோபருக்குப் பின் வெளியே நான் காணாத நிறம்.

பிறகு மாறியதை வரிவரியாய் இறங்கிப் படித்தேன்.
நூற்று நாற்பதாவது வரி ஃபங்ஷன் இல்லை, குறிப்பு.
இரவு இரண்டு மணிக்கு அவன் எழுதிவைத்தது.
சற்றுமுன் வரை:
# இதற்காக என்னை மதிப்பிடாதே
இப்போது:
# இதற்காக என்னை ஊகிக்காதே

ஹீட்டர் இருமுறை ஓடி அணைந்தது.
செப்டம்பரில் அவன் கோடுக்கு
நான் எழுதிய திருத்தங்கள் நாற்பத்தொன்று.
அதனால்தான் போனான் என்று
எனக்குள் முடித்துவைத்திருந்தேன்.
கடைசி நாள், கையில் செடித்தொட்டியோடு,
"அங்கே போய்," என்று தொடங்கினான்.
லிஃப்ட் வந்துவிட்டது.
நான்கு மாதமாக வகுப்பே நான்தான்,
மிச்சத்தைக் கத்திக்கொண்டு.

அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கினேன்.
முன்னூற்றுப் பதினொன்று.
விளக்கம் கேட்ட கட்டத்தில்
'பெயர் மாற்றம்' என்று இட்டு அனுப்பினேன்.

சரிபார்க்க எந்திரத்தைத் திறந்து
பழைய பெயரின் முதலிரண்டு எழுத்தை அடித்தேன்.
ஒன்றும் நீட்டவில்லை.
குறிப்புகளை அது படிப்பதில்லை,
அப்படித்தான் கட்டினோம்.
கர்சர் துடிக்கிறது.
கீழே யாரோ வயரைப் பிடுங்கி
வண்டியைக் கிளப்பப் பார்க்கிறார்கள்.
அது இருமி, நின்று,
மறுபடி இருமி