பேர்

ஹட்டன் லேபர் ஆபிஸ், பேக்கரிக்கு மேல்மாடி.
பத்து மணிக்குப் பாண் வாசனை வரும்,
மூன்று மணிக்கு மழை.
இந்த மாதம் எனக்கு ஒரு வேலை கூடுதல்:
ஜெனீவாவில் என்றோ எழுதிய
சமூகப் பாதுகாப்புக் குறைந்தபட்ச நியமங்களைப்
பயிற்சி வகுப்புக்காகத் தமிழில் தரவேண்டும்.

அட்டவணையில் நின்றுவிட்டேன்.
‘நியமப் பயனாளி’ என்று ஒருவர் வருகிறார்.
நோய்க்கு அவரை வைத்துத்தான் கணக்கு.
வேலை போனாலும் அவரே.
யாரென்று பார்த்தால்,
மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஆண்.
முதுமையிலும் ஆண்தான், மனைவிக்கும் வயதாகியிருக்கிறது.
பிரசவத்துக்கு நேரே மட்டும்
ஒற்றைச் சொல்: பெண்.
அதற்கடுத்து அவள் வருவது
விதவையாக.

அப்போதுதான் படியேறி வந்தாள்,
சாமிமலைப் பக்கம் ஏதோ மேல்கணக்கிலிருந்து.
கையில் ஷொப்பிங் பேக், அதற்குள் இன்னொரு ஷொப்பிங் பேக்,
அதற்குள் பி கார்ட்.
“சேமலாபம் எடுக்கணும் சேர். முழங்கால் மலை ஏறமாட்டேங்குது.
அம்பத்தொண்ணு முடிஞ்சி.”

அடையாள அட்டையில் ரெங்கநாயகி.
செக்ரோலில் நாயகி, நம்பர் 417.
கொழும்புக் கம்ப்யூட்டரில் ரெங்கநாயகம்.
பால்: ஆண்.

பெண்ணுக்கு ஐம்பது, ஆணுக்கு ஐம்பத்தைந்து
என்கிறது நம் சட்டம்.
ஒரு ‘கி’ ‘கம்’ ஆனதில்
இன்னும் நான்கு வருஷம் மலையேற வேண்டும்
ரெங்கநாயகம்.

“இதுல என்னா எழுதியிருக்கு?”
மேசைத் தாளைக் காட்டிக் கேட்டாள்.
வாசித்துக் காட்டினேன்.
கொஞ்சநேரம் யோசித்தாள்.
“எனக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருந்தா
காலையில ரொட்டி சுட்டுத் தந்திருப்பா,
முழங்காலும் மிச்சமாயிருக்கும்.”
பக்கத்து மேசை நிமால் தமிழ் தெரியாமலே சிரித்தார்.

பிறகு தோட்டத்துக்குப் போன் எடுத்தேன்.
பழைய பெரிய கிளாக்கர் ஓய்வு,
புதியவர் லீவு,
ஸ்டோர்காரப் பையன் ஒருவன் அலுமாரியைத் திறந்து
கரையான் தின்றது போக மிஞ்சியதை
போட்டோ பிடித்து அனுப்பினான்.
பிள்ளைக்காசு ரெஜிஸ்டர்.
தொண்ணூற்றாறு, ஆவணியில் ஒன்று.
தொண்ணூற்றொன்பது, தையில் ஒன்று.
இரண்டிலும் நம்பர் 417,
இரண்டிலும் பெருவிரல் ரேகை,
மை சற்று அதிகம்.

எழுதினேன், திணைக்களத் தமிழில்:
‘மேற்படி உறுப்பினர் ரெங்கநாயகம்
இருமுறை பிரசவித்துள்ளமை
ஆவணங்களால் உறுதியாவதால்
அவர் பெண்ணென்று கொள்வதற்கு இடமுண்டு.’
கையொப்பம். சீல்.
சீல் பாதிதான் விழுந்தது, இன்னொருமுறை குத்தினேன்.

“எப்ப வரும்?”
“பாப்போம்.”
“இன்னைக்கு பேர் போச்சு சேர்.
அரைப்பேராச்சும் போடுங்கன்னு கேட்டேன், கங்காணி முடியாதுன்னுட்டாரு.”
பேரைத் திருத்த வந்த நாளில்
பேர் விழவில்லை.
தோட்டத்துத் தமிழில்
ஒரு நாள் கூலிக்கும்
ஓர் ஆளின் அடையாளத்துக்கும்
ஒரே சொல்.
அதை ஜெனீவாத் தாளில் எங்கே வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.

‘நியமப் பயனாளி’யை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
உள்ளதை உள்ளபடி பெயர்த்துக் கொடுத்துவிட்டேன்.
என் பிரதியின் ஓரத்தில் மட்டும்
பென்சிலால் 417.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது:
பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை இணைக்கவும்.
கொண்டுவந்தாள், இன்னொரு பேரைத் தொலைத்துவிட்டு.
மூத்தவனுடையதில்
தாயின் பெயர் ரெங்கம்மா.
இளையவளுடையதில் மழைத்தண்ணி பட்டிருக்கிறது,
‘ரெ’ தெரிகிறது.

சாமிமலை பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
“இருங்கள்” என்கிறேன்,
புதுத் தாளொன்றை எடுக்கிறேன்.
“உங்கள் பேரை நீங்களே சொல்லுங்கள், மெதுவாக,
ஒவ்வோர் எழுத்தாக.”