பதிலை விட்டவள்

இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டது
கறி அல்ல.
பதில்.

சாம்பல் புதன் பூசை முடிந்து
நெற்றிச் சிலுவை வியர்வையில் கரைந்துகொண்டிருக்க,
நேர்ந்துகொண்டேன்:
எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை
நாற்பது நாள் என் வாய் திறக்காது.
சுலபமாகத்தான் இருந்தது,
ஐஸ் கம்பெனிக் கணக்கில்
பென்சிலால் எழுதிவைக்கும் தொகை போல.

அன்பியத்தில் வீடு பிரித்தார்கள்.
தங்கச்சிமடம் தெற்கே ஏழு வீடு எனக்கு.
ஏழாவது எமரென்சியா வீடு.
சீட்டை மாற்றிக் கேட்டிருக்கலாம்.
கேட்டால் காரணம் சொல்லவேண்டும்.
காரணம் ஊருக்கே தெரியும்.

தை மாதத்தில் ஒரு ராத்திரி
அவள் புருஷன் இன்னாசிமுத்து விரித்த நண்டுவலையை
ஒரு விசைப்படகு அறுத்து இழுத்துப் போனது.
வட்டிக்கு வாங்கிய வலை.
பிரிட்டோவின் படகு என்கிறார்கள்.
இருட்டில் யார் கண்டது என்கிறான் பிரிட்டோ.
பிரிட்டோ என் தம்பி.
அவன் படகு கடலுக்குப் போய்த்தான்
என் மகள் ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் போனேன்.
யாருடைய வலையிலோ சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்,
கூலிக்கு.
உட்கார் என்று சொல்லவில்லை.
மணலில் உட்கார்ந்தேன்.
மடியில் ஜெபப் புத்தகம்,
உள்ளே மனப்பாடம் செய்து வந்த ஆறுதல்.

வலையில் ஆரம்பிக்கவில்லை அவள்.
முட்டையிடும் கோழியை நாய் பிடித்ததில் ஆரம்பித்தாள்.
மூணு நாளைக்கு ஒருதரம் வரும் தண்ணீர்.
மகனுக்கு வாங்காத செருப்பு.
சொல்லிக்கொண்டே வந்தவள்
கையை நிறுத்தாமல் கேட்டாள்:
"ஒந்தம்பி லைட்ட அணைச்சுட்டுப் போனான்.
எம்புருசன் டார்ச் அடிச்சாரு.
பேரச் சொல்லிக் கத்துனாரு.
கேக்காமலா இருந்திருக்கும்?"

இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.
நாக்கு நுனியில் தயாராக நின்றது என் பதில்.
நியாயமான பதில். உண்மையாகக்கூட இருக்கலாம்.
விழுங்கினேன்.
முள்ளோடு இறங்கியது.

தோட்டத்தில், அந்த ராத்திரியில்,
கத்தி எடுத்தவனும் கடல்காரன்தான்.
வலை அலசிப் பழகிய கை.
வெட்டியது ஒரு காதை.
கட்டி இழுத்துப்போக ஆள் நிற்கும்போது
அவர் குனிந்து
எதிராளியின் காதைத் தொட்டுச் சரியாக்கினார்.
சிலுவைக்கு முன்
கடைசியாக அவர் சுகப்படுத்தியது ஒரு காது.
இத்தனை வருஷமும் அதைக்
கத்தியின் கதையாகவே கேட்டிருக்கிறேன்.

எமரென்சியா இன்னும் முடிக்கவில்லை.
"இப்பவும் ராத்திரியில எந்திரிச்சு
கரையில போய் நிக்கிறாரு.
டார்ச்சப் போடுறாரு. அணைக்கிறாரு.
போடுறாரு."

வலை போனது ஊருக்குத் தெரியும்.
இது யாருக்கும் தெரியாது.

சும்மா கிடந்த என் கை
வலையின் மறுபக்கத்தை எடுத்தது.
"ஒனக்குக் கூலி கெடையாது" என்றாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.
சிப்பி கீறி விரலில் ரத்தம் கசிந்தது;
அவளும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது.
இருவரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.
புத்தகம் மூடியபடியே இருந்தது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
நானும் அதற்காகப் போகவில்லை என்று
சொன்னால் பொய்.
எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்:
"கத்துனாருன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லு."

சொன்னேன்.
பிரிட்டோ குதித்தான்.
கடன், டீசல் விலை, எல்லையில் பிடிபட்ட படகு,
நாட்டுப்படகுக்காரன் எல்லாம் எனக்கு எதிரி,
நீ யார் பக்கம் அக்கா?
அவனும் எதிரில் இருப்பவன்தான்.
நேர்ச்சை அவனுக்கும் உண்டு.
சுவரில் கீல் பூசிய கைத்தடத்தைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தேன்.

பேசிக்கொண்டே போனவன்
"லைட்டு" என்ற சொல்லில் நின்றான்.

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.
வெளியே வாடை திரும்பிவிட்டது.
அவன் இன்னும் முடிக்கவில்லை.
எனக்கு இன்னும்
இருபத்தெட்டு நாள் இருக்கிறது.